டைப்பிங் சென்டர் அக்காவின் போட்டோ

அமீரகத்தின் அஜ்மான் நகரை உருவாக்கிய கடைகள், பள்ளிகள், மனிதர்கள் என்று இன்ஸ்டாவில் கெத்தாக ஸ்டோரி போட்டுக்கொண்டிருந்தேன். பழைய பேக்கரி, பழைய தையல்கடை எல்லாம் முடிந்து, விசாவுக்கும் கடை லைசன்ஸுக்கும் விண்ணப்பம் அடித்துத் தரும் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. கீபோர்டைப் பார்க்காமலே அரபியில் அடித்தார். ஆனால் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் விரல்கள் நின்றுவிடும். வந்தது யார் என்று பார்த்த பிறகுதான் அடுத்த எழுத்து.

“இந்த ரோட்டில இருக்கிற கடையளின்ட லைசன்ஸ் முக்கால்வாசி நான் அடிச்சதுதான், தம்பி.”

“செம அக்கா! அப்போ ஹீரோயினே நீங்கதான்!”

கேட்காமலே படம் எடுத்து, கடைப் பெயரோடு ஸ்டோரி போட்டு, பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, அழியுங்கோ தம்பி! எனக்கு விசா முடிஞ்சு கனகாலம்.”

“ஊருக்கே விசா அடிக்கிறீங்க, உங்களுக்கு இல்லையா?”

“எனக்கு விசா எடுத்துத் தந்த கஃபீல், தன்ட கம்பெனியை மூடிட்டுப் போயிட்டார். இனி ஆரிட்டக் கையெழுத்து வாங்கிறது?”

அழிப்பதற்குள் நாற்பத்திரண்டு பேர் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் யாரென்றே எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். “அந்த அக்கா எங்க?” என்றேன்.

“தெரியாது பாய். ரெண்டு நாளா வரல.”

பின்னால் கதவு திறந்தது. புதியவர் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.