சீர்த்தட்டில் ஏறிய வாட்டர் பம்ப்

கோலசிலாங்கூர் ரோட்டில், அசாம் ஜாவா பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இருசப்பனின் காரில் ஏற ஆசைப்பட்டவர்கள் யாரும் இல்லை. காரைக் குறை சொல்ல முடியாது. பச்சை நிற மோரிஸ் மைனர். தோட்டத்து வெள்ளைக்கார துரை கப்பலேறும்போது கணக்கெழுதும் கிராணிக்கு விட்டுப்போனது; கிராணி வேலையை விட்டுப் போகும்போது இருசப்பன் கைக்கு வந்தது. கண்ணாடியாக நினைத்துத் தலை சீவிக்கொள்ளலாம், மேலெல்லாம் அப்படிப் பளபளக்கும். ஆனால் உள்ளே உட்கார இடம் இருக்காது.

இருசப்பன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டத்து எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். கையில் மாற்று இருக்கிற சாமான் கெடாது, வீட்டில் விட்டு வந்த சாமான்தான் நடுரோட்டில் கழுத்தை அறுக்கும் என்பது அவர் கட்சி. ஆகவே எதையும் வீட்டில் விடமாட்டார். பேன் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் குழாய், பிளக்குகள், பெட்ரோல் பம்ப் என்று பின்பெட்டி நிறைந்து, பின் இருக்கையும் நிறைந்து, மிச்சம் மனைவி அம்சவள்ளியின் மடிக்கு வரும். ஒருமுறை ஜெராம் ரோட்டில் காரை நிறுத்திய போலீஸ்காரர், அவள் மடியில் பழந்துணி சுற்றிக் கிடந்ததைக் குழந்தை என்று எண்ணிக் கொஞ்சுவதற்காகத் துணியை விலக்கினார். உள்ளே டைனமோ இருந்தது. மனிதர் ஒன்றும் கேட்காமல் கையசைத்து அனுப்பிவிட்டார்.

இவ்வளவு சுமந்தும் கார் நிற்காமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நின்றால் இருசப்பனுக்குக் கொண்டாட்டம். சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, கெட்டதை மாற்றுவார். மாற்றியதோடு விடுவாரா? கை அழுக்கானது ஆகிவிட்டது என்று பிளக்கைத் துடைப்பார், கார்புரேட்டரைக் கழுவுவார். தங்கச்சி மகள் நவமணியின் காதுகுத்துக்கு இப்படித்தான் எச்சில் இலை எடுக்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அவள் சடங்குக்குப் போனபோது பந்தல்காரன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

தங்கச்சி கங்கா ரவாங்கில் வாழ்க்கைப்பட்டவள். ஆயி அப்பன் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது இருசப்பன்தான். நவமணிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவளே பஸ் ஏறிப் பத்திரிகையோடு வந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணே, இது கடைசி. மாமன் மாலை விழாம எம்புள்ள மேடை ஏறாது. நீ முகூர்த்தத்துக்குள்ள வரலன்னா பக்கத்து வீட்டு சுப்பிரமணியத்த மாமனா நிக்கச் சொல்லிருவேன். அதுக்கப்புறம் உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

சொன்னதைச் செய்கிறவள் கங்கா. மறுநாள் இருசப்பன் ஆலையில் பாய்லருக்குப் பின்னால் நின்று அழுதார். கேட்டவர்களிடம் புகை என்று சொன்னார்.

பஸ்ஸில் போகலாம் என்றாள் அம்சவள்ளி. தாய்மாமன் சீரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனால் ரவாங்கே சிரிக்கும் என்றார் இருசப்பன்.

"அப்படின்னா கார்ல போவோம். ஆனா சீரு வேணுமா, சாமான் வேணுமா, ஒன்னு சொல்லுங்க. ரெண்டும் ஏறாது லா."

சீர்தான் என்றார், தலையைக் குனிந்துகொண்டு. அம்சவள்ளி லேசுப்பட்டவள் இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாளே காரை நுனி முதல் அடி வரை காலி செய்து, சாமான் அத்தனையையும் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினாள். பிறகு சீர்த்தட்டுகளை அலங்கரித்தாள். ஆப்பிள் ஒரு தட்டு, லட்டு ஒரு தட்டு, பட்டுப்புடவை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே கலர் கண்ணாடித்தாள்.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அவள் புடவை கட்டக் கதவைச் சாத்தினாள். அந்த இடைவெளி இருசப்பனுக்குப் போதுமானதாக இருந்தது. வாட்டர் பம்ப் ஆப்பிளுக்கு அடியில் போனது. பெட்ரோல் பம்ப்பும் சில்லறைச் சாமான்களும் லட்டுக்குள் புதைந்தன. பேன் பெல்ட்டைச் சுருட்டிப் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்தார். சுத்தமாகத் துடைத்து, தாள் சுற்றித்தான் வைத்தார்; அந்த அளவுக்குப் பக்தி இருந்தது. ரவாங் போனதும் மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, ஒவ்வொன்றாக உருவிவிடலாம் என்பது திட்டம்.

வழியெல்லாம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார். ஈஜோக் தாண்டியது, கார் நிற்கவில்லை. செம்பனைத் தோட்டங்கள் முடிந்து ரவாங்கின் கடைத்தெரு வந்தது, கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

மண்டபத்து முனையிலேயே கங்கா நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வருவாரா என்று விடிந்ததிலிருந்து ரோட்டையே பார்த்து நின்றவள், பச்சைக் காரைக் கண்டதும் அழுதுகொண்டே ஓடி வந்தாள். "எங்கண்ணன் வந்துருச்சு! மேளத்த வாசிங்க!" என்று கத்தினாள். நாதஸ்வரக்காரர் ஓடி வந்தார். பெண்கள் கதவைத் திறந்து தட்டுகளை அள்ளிக்கொண்டார்கள்.

"ஆப்பிள் தட்ட நான் தூக்கியாறேன்மா, நான் தூக்கியாறேன்" என்று இருசப்பன் பின்னாலேயே ஓடினார்.

"மாமன் தட்டு தூக்கலாமா? நீங்க மாலையப் பிடிச்சிக்கிட்டு முன்னால நடங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "யம்மாடி, என்னா கனம்! மாமன் சீருன்னா இது சீரு" என்று ஊருக்கே கேட்கும்படி மெச்சினாள். இருசப்பன் மாலையைப் பிடித்தபடி, தட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மேடையில் தட்டுகளை வரிசையாக வைத்துச் சபைக்குக் காட்டினார்கள். மாப்பிள்ளை சேதுவின் அப்பா அப்பளசாமி, எதையும் தொட்டுப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்கிற மனிதர். பட்டுப்புடவையைத் தூக்கி விரித்தார். பேன் பெல்ட் நழுவி அவர் கழுத்துத் துண்டின்மேல் விழுந்து தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு ஆப்பிளை நகர்த்தினார், லட்டைக் கிண்டினார். தாள்களைப் பிரித்துப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க, மேடையில் ஒரு பட்டறையே முளைத்துவிட்டது.

இளவட்டங்கள் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரம் நின்றது. அம்சவள்ளி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கங்காவின் முகம் செத்துப்போயிருந்தது. மண்டபத்து ஓரத்தில் சுப்பிரமணியம் துண்டை உதறித் தோளில் போட்டுத் தயாரானதையும் இருசப்பன் பார்த்தார்.

தெரியாமல் வந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லலாம்தான். சொன்னால் கங்காவின் அண்ணனுக்கு ஒரு சீர்கூட ஒழுங்காகக் கொண்டுவரத் தெரியாது என்றாகும். மாப்பிள்ளை வீட்டார் அதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்த சாமான் அத்தனையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"சம்மந்தி, எல்லாம் சீருதான். கட்டிக்குடுத்த புள்ள நடுரோட்டுல நிக்கக் கூடாது பாருங்க. பாத்திரம் பண்டம் யாரு வேணாலும் குடுப்பாங்க. இது தாய்மாமன்தான் குடுக்க முடியும்."

சபையில் சிரிப்பு அடங்கியது. அப்பளசாமி வாட்டர் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வீட்டுல காரு இல்லையே. பையன் மோட்டார் சைக்கிள்லதான வேலைக்குப் போறான்."

இதற்கு இருசப்பனிடம் மாற்று இல்லை. அப்போதுதான் அம்சவள்ளி பேசினாள்.

"காரு வெளிய நிக்குது, சம்மந்தி. சாமான உள்ளாற கொண்டாந்துட்டோம். கார மேடையில ஏத்த முடியல."

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், விசில், மேளம். இருசப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் மேலே சுற்றும் காத்தாடியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை அவளே எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தாள். கங்கா, "அண்ணே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நவமணிக்கு மாலை போடும்போது இருசப்பன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மருமகளுக்காகப் பாதி, காருக்காகப் பாதி, அதை மறைப்பானேன்.

சாயங்காலம் கோலசிலாங்கூர் பஸ்ஸில் அம்சவள்ளி சன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடிக்க, டைனமோ இல்லாத மடியைத் தடவிக்கொண்டாள். பிறகு மனசு கேட்கவில்லை.

"வருத்தமா இருக்கா?"

"பின்ன இருக்காதா? நெஞ்சு வலிக்குது."

அவர் சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். சுழன்று சுழன்று பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற ரோட்டர், கட்டைவிரல் பருமன்தான், ஆனால் அது இல்லாமல் கார் உறுமக்கூட உறுமாது. ஒன்றல்ல, இரண்டு இருந்தன. கிளம்புமுன் காரிலிருந்து கழற்றியது ஒன்று. லட்டுத் தட்டிலிருந்து அமுக்கியது ஒன்று. அதில் பூந்தி ஒட்டியிருந்தது.

"அடப்பாவி மனுசா! குடுத்த சீர வாங்கிட்டு வரலாமா?"

"வாங்கிட்டு வரலடி. அடுத்த ஞாயித்துக்கெழம போய் மாட்டிக் குடுத்துருவேன்."

"அதோட முடிஞ்சிதுல்ல?"

"வரும்போது வேற ஒன்னக் கழட்டிட்டு வருவேன்." இருசப்பன் ரோட்டரைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். "பஸ் ஏறும்போது கங்கா, அடுத்து எப்பண்ணே வருவேன்னு கேட்டுச்சு. கல்யாணம் ஆகிப் போனதுலேர்ந்து அது என்னைய அப்படிக் கேட்டதே இல்ல, அம்சா."

அம்சவள்ளி ரோட்டரில் ஒட்டியிருந்த பூந்தியை நகத்தால் சுரண்டி எடுத்தாள். இரண்டையும் கைக்குட்டையில் முடிந்து தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.