சந்தனம் பூசிய ஏசி

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் பட்டுக்கோட்டைப் பக்கம் முதன்முதலில் ஏசி வைத்த கல்யாண மண்டபம் என்னுடையதுதான். அதைப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் ஒரு மெக்கானிக் வருவார். துபாய் போய்த் திரும்பிய ஒல்லி மனிதர். வந்ததும் மெஷினின் குழாயில் கை வைத்து, வைத்தியர்போல் நாடி பார்ப்பார்.

முதல் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தவர், மாடியில் மெஷினைப் பார்த்துத் திகைத்து நின்றார். திருஷ்டி படாமல் இருக்க, காற்றுப் போகும் தகடு முழுக்க நான் சந்தனத்தை அப்பியிருந்தேன்.

“காத்து எப்படிங்க போகும்? நாளைக்கு ஊரே உக்காந்திருக்கும்போது நின்னுடும்.”

“வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. புதுசுக்கு எதுக்கய்யா சர்வீஸ்?”

“புது மாப்பிள்ளையும் பல் விளக்கணும்ல, முதலாளி?”

பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை சுரண்டினார்.

மறுநாள் மண்டபம் ஊட்டி மாதிரி இருந்தது. எல்லாம் சந்தனத்தின் மகிமை என்று பந்தியில் அடித்துச் சொன்னேன். எதிர் இலையில் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

“ஆமாங்க, முதலாளி கைராசி” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே என் மானம் கப்பலேறியிருக்கும். ஏன் விட்டுக்கொடுத்தார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.