இடைவேளையில் நான் சொன்ன பொய்

சூடான மணலில் கடலை வறுபடும் வாசம்… கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் நாங்கள் படம் பார்த்த தியேட்டரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். திரை, பாட்டு எல்லாம் அப்புறம்.

போன வாரம் இந்தக் குரூப்பில் கட்சி கட்டிப் பேசினீர்களே, கதாநாயகி டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசும் அந்தப் பழைய படம்… நானும் பெரிய ரசிகையாக நாலு பத்தி எழுதினேன். லைக் குவிந்தது. எழுதாமல் விட்டதை இன்று சொல்கிறேன்.

அந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிப்போனது என் அக்கா ஸ்டெல்லா. வீட்டில் தையல் வேலை. அந்தப் படத்தின் வசன கேசட்டைப் போட்டுக்கொண்டுதான் மெஷினை மிதிப்பாள். கேசட் தேய்ந்து குரல் இழுக்கும்… அவளுக்குக் கவலையில்லை, முழுப் படமும் மனப்பாடம்.

ரொம்ப நாள் கழித்து அது மறுபடி எங்கள் தியேட்டருக்கு வந்தது.

"ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் மேட்னிக்குப் போவோம், வாறியாட்டி?"

"அழுகைப் படமாக்கும்னு சொல்லுதாவளே அக்கா…"

"அழுகை வந்தா அழணும் மக்கா. அதுக்காக்கும் டிக்கெட் எடுக்கது."

போனோம். கதாநாயகி வாய் திறக்கும் முன்பே அக்கா வசனத்தைச் சொன்னாள். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

இடைவேளை. கடலைக்காரர் முன்னால் அக்காவோடு நிற்கிறேன். பின்னால் ஒரு குரல்.

"எடீ, நீயும் பாண்டிப்படம் காணுமோ?"

பிந்து. நெய்யாற்றின்கரையில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த லேபில் கூட வேலை பார்ப்பவள். கூடவே இன்னும் இரண்டு பேர். வேறு தியேட்டரில் டிக்கெட் கிடைக்காமல் சும்மா இங்கே வந்தார்களாம். தமிழ்ப் படத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்தான் பாண்டிப்படம். லேபில் என் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் நழுவினால் போதும், அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டினால் மலையாளம் தானாக வந்துவிடும். அன்றும் வந்தது.

"இல்ல பிந்து. இது வீட்டினடுத்துள்ள சேச்சி. கூட்டினு வந்நதா."

பக்கத்து வீட்டு அக்கா, துணைக்கு வந்தேன்… என்று சொல்லிவிட்டேன். அப்போது நான் போட்டிருந்த சுடிதார்கூட அவள் தைத்ததுதான்.

அக்கா கையில் இரண்டு கடலைப் பொட்டலம். என்னைப் பார்த்தாள். பிறகு பிந்துவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதெ அதெ. அடுத்த வீடா."

ஆமாம், அடுத்த வீடுதான் என்று அவளும் மலையாளத்திலேயே சொன்னாள். அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகுதான் அந்த பஸ் ஸ்டாண்ட் காட்சி. தியேட்டரே மூக்கைச் சிந்தியது. அக்காவின் வாய் அசையவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். "கடலை மிச்சம் உண்டு, வேணுமாட்டி?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு என்னை அவள் படத்துக்குக் கூப்பிடவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, தலையும் நரைத்துவிட்டது.

இன்று அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம். பிந்துவின் ரிங்டோன் தமிழ்ப் பாட்டு. பாண்டிப்படம் என்று இப்போது யாரும் சொல்வதில்லை. தமிழ்ப் படம் தெரிந்தால் இப்போது பெருமைதான். அந்தப் பெருமையில்தான் நானும் நாலு பத்தி எழுதினேன், அக்கா சொல்லக் கேட்டுத் தெரிந்துகொண்ட வசனங்களை எல்லாம் என்னுடையவை போல.

அக்காவையும் அவள் மகன் போன மாதம் இந்தக் குரூப்பில் சேர்த்துவிட்டிருக்கிறான். என் பதிவுக்குக் கீழே அந்த பஸ் ஸ்டாண்ட் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தாள். உங்களில் ஒருவர் கேட்டீர்கள், "ரெண்டு பேரும் ஒரே ஊரா? தெரிஞ்சவங்களா?"

அக்கா பதில் போட்டிருந்தாள்: "ஆமா, அடுத்த வீடு."

கிண்டலா, இல்லை இன்னும் எனக்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றுகிறாளா, தெரியவில்லை. மூன்று நாளாக அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டவருக்கு என் பதில்… அடுத்த வீடு இல்லை. ஸ்டெல்லா என் கூடப்பிறந்த அக்கா.