வழிமொழிய ஆளில்லாத கேசட்

காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் பாசஞ்சர் வண்டியின் நாலாவது பெட்டியில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சபை கூடும். உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட பாட்டு ஆல்பங்களுக்கு நியாயம் வழங்கும் சபை. வண்டி லேட், கழிவறையில் தண்ணீர் இல்லை என்றெல்லாம் புலம்புவதற்கு மற்ற நாட்கள் இருந்தன.

சபைத் தலைவர் சின்னசாமி. அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் யூனியன் கமிட்டி மெம்பர். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்த யூனியன் நடைமுறையை மட்டும் மகன் மூடவில்லை. ஆகவே, அங்கே வாய்க்கு வந்ததைப் பேசிவிட முடியாது. ஒருவர் ஒரு ஆல்பத்தை முன்மொழிய வேண்டும். அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்ட இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அப்படி ஆளில்லையென்றால் தீர்மானம் செத்தது. பங்காரப்பேட்டை வருவதற்குள் அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவார்கள்.

இந்த விதியால் அதிகம் அடிபட்டவர் கிளாரன்ஸ். ஊரிகத்தில் ஏறுகிறவர், ஐம்பத்தைந்து வயது, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பதினோரு வருஷமாக அவர் ஒரே ஆல்பத்தைத்தான் முன்மொழிந்து வந்தார். தொண்ணூற்று நாலில் 'ஊரிகம் எக்கோஸ்' என்ற குழு வெளியிட்ட 'ஆறு மணி ஷிப்ட்' என்ற கேசட். ஒவ்வொரு தடவையும் சின்னசாமி பெட்டியை ஒரு சுற்று பார்ப்பார்.

"கேட்டவங்க யாராவது கீறீங்களா?"

எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஏதாவது தென்படும்.

அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவரே தாம்தான் என்பதை மட்டும் கிளாரன்ஸ் சொன்னதில்லை. மனைவியின் அண்ணன் லாய்ட் லீட் கிட்டார். கூட இரண்டு நண்பர்கள். நாலு பேரும் அப்போது சுரங்கத் தொழிலாளிகள். கேசட் அட்டையில் சுரங்கக் கோபுரத்தின் படம் உண்டே தவிர, பெயர்கள் கிடையாது. சொந்தச் சரக்கை விற்கிறான் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. வாசித்தது யாரென்றே தெரியாத ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷமாக அவர் ஏங்கியது அதற்குத்தான்.

போன மாதம் அவர் பொறுமை தீர்ந்தது. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிற அனில், ஐஸ்லாந்தில் மூன்று பேர் காலியான மீன் குடோனுக்குள் உட்கார்ந்து வாசித்த ஆல்பம் ஒன்றை முன்மொழிந்தான். ஆஸ்பத்திரியில் பில் போடும் நேசமணி அதை வழிமொழிந்தாள். வீம்புக்காக முழுசாகக் கேட்டாளாம். ஐஸ்லாந்து மீனுக்கு ஆள் இருக்கிறது, ஊரிகத்துக்கு இல்லை. கிளாரன்ஸுக்கு வயிறு எரிந்தது. மறுநாளே ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையைத் தேடிப் பிடித்து, கேசட்டை போனுக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி கோரமண்டல் தாண்டியதும், "கேக்காததுதான உங்க பிரச்சன? இப்பவே கேளுங்க" என்று அனிலின் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

இரண்டு பாட்டு முடிந்தது. எல்லோரும் சர்ச்சில் பிரசங்கம் கேட்பவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது பாட்டை நினைத்துத்தான் கிளாரன்ஸுக்குக் கவலை. லாய்ட் வீட்டு முன்னறையில் பதிவு செய்தபோது, பாட்டின் நடுவில் சுரங்கத்தின் ரெண்டு மணி ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது. பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சங்கு என்பதால் நாலு பேரில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. கேசட் பிரதி எடுத்த பெங்களூர்க்காரர்தான், "இதென்ன சத்தம்?" என்று கேட்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதை எப்படி விளக்கலாம் என்று கிளாரன்ஸ் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது, நேசமணி அனிலின் முழங்கையைத் தட்டினாள்.

"இப்ப சங்கு ஊதும் பாரு."

சங்கு ஊதியது.

கிளாரன்ஸ் பாட்டை நிறுத்தினார். "உனக்கெப்டி தெரியும்?"

நேசமணி சின்னசாமியைப் பார்த்தாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவளுக்கு மட்டுமில்ல கிளாரன்ஸு. நம்ம நந்திதுர்க் மைன் பக்கம் இந்தக் கேசட் இல்லாத வூடு ஏது? லாய்ட் வூடு வூடா வந்து குடுத்துட்டுப் போனானே."

"அப்ப, நான்தான் வாசிச்சேன்னு..."

"தெரியுங்கண்ணா" என்றாள் நேசமணி. "நீங்க சர்ச் ஹால்ல வாசிக்கிறதப் பாத்துக்கினு வளந்தவதான நானு."

"பதினோரு வருஷமா கேக்காத மாதிரியே இருந்தீங்களேப்பா."

"கேட்டோம்னு சொன்னா, எப்டி கீதுன்னு கேப்பியே" என்றார் சின்னசாமி.

கிளாரன்ஸுக்குக் காது மடல் சுட்டது. உலகம் கேட்காமல் விட்டுவிட்டது என்ற ஒரே ஆறுதலில் முப்பது வருஷத்தை ஓட்டியவர் அவர். உலகம் நன்றாகவே கேட்டிருக்கிறது. கேட்டதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

வண்டி டேக்கல் ஸ்டேஷனில் நின்று கிளம்பியது. பிறகு, "சரி, இப்பக் கேக்கறேன். எப்டி கீது?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாது. பதினோரு வருஷம் அடக்கி வைத்தவர்கள் இல்லையா, ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தார்கள். மெட்டு பரவாயில்லை, ட்ரம்ஸ் பரவாயில்லை, லாய்ட் பரவாயில்லை.

"பேஸுதாம்பா இடிக்குது" என்றார் சின்னசாமி. "ட்ரம்ஸுக்கு முன்னாடியே ஓடுது. ஷிப்ட் முடிஞ்சி வூட்டுக்கு ஓடறவன் மாதிரி."

கிளாரன்ஸ் தம் போனை எடுத்துப் பைக்குள் போடப் போனார்.

"இரு, நாலாவது பாட்டச் சொல்லாம உட்டா பாவம்" என்று சின்னசாமி அவர் கையைப் பிடித்தார். "அதுல உன் பேஸு எப்டிப் போவுது தெரியுமா? பதறாம, சிதறாம. எங்கப்பா அந்த ஒரு பாட்ட மட்டும் திருப்பித் திருப்பிப் போடுவாரு. வாசிச்சா இப்டி வாசிக்கணும்டாம்பாரு."

கிளாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அனில் போனை வாங்கி நாலாவது பாட்டைப் போட்டுவிட்டான்.

பெட்டி அமைதியானது. இந்த அமைதி பிரசங்க அமைதி அல்ல. சின்னசாமியின் விரல் தொடையில் தாளம் போட்டது. மாலூரில் கீரைக்கட்டுடன் ஏறிய ஒரு அம்மாவும் தலையாட்டினார். ஐஸ்லாந்துக்கு இந்தப் பக்கம் எதையும் மதிக்காத அனில், பாட்டு முடிந்ததும் சொன்னான்: "அண்ணா, சக்கத்தா கீது. அந்த பேஸுக்காகவே நான் வழிமொழியறேன்."

முழு ஆல்பத்தையும் கேட்காதவன் வழிமொழிய முடியாது. தலைவர் யோசித்தார், தனிப் பாட்டுக்கும் செல்லும் என்று அங்கேயே விதியைத் திருத்தினார். ஒரே ஒரு விதியையாவது திருத்தச் சொல்லிச் சுரங்க நிர்வாகத்திடம் அவருடைய அப்பா ஆயுசு முழுக்கக் கேட்டும் சாதிக்க முடிந்ததில்லை. கைகள் உயர்ந்தன. கீரைக்கார அம்மாவும் தூக்கினார். கைகளை எண்ணும்போது கிளாரன்ஸ் இன்னொரு தடவை வாயெடுத்தார். நேசமணி டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு கேசரித் துண்டை அவர் வாயில் வைத்துவிட்டாள்.

தீர்மானம் வொயிட்ஃபீல்டுக்கு முன்னால் நிறைவேறியது. ஒவ்வொருவராக வந்து கை குலுக்கினார்கள். கிளாரன்ஸும் குலுக்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கன்டோன்மென்ட்டில் இறங்கியதும் மனைவிக்கு போன் போட்டார்.

"லூயிசா, கேசட்ட வழிமொழிஞ்சிட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கிட்டாங்க."

"அப்பாடா, இப்பவாவது கேட்டாங்களே. எந்தப் பாட்டு புட்ச்சிதாம்?"

"நாலாவது."



"நாலாவதா? அன்னிக்கு உங்களுக்கு டபுள் ஷிப்ட்டாச்சே. உங்க பேஸையும் எங்கண்ணன்தான வாசிச்சாரு."

"ம்."

"அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லட்டுங்களா? ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"லூயிசா, இங்க சிக்னல் இல்ல, கட் ஆவுது" என்று கிளாரன்ஸ் போனை வைத்தார். திரையில் சிக்னல் கோடு நாலும் முழுசாக நின்றன. எதிரே படியேறிக்கொண்டிருந்த அனில் திரும்பி, காற்றில் பேஸ் கிட்டார் வாசித்துக் காட்டினான். கிளாரன்ஸும் இரண்டு தந்தி மீட்டிக் காட்டினார்.