ஒரு நாற்காலியில் இரண்டு சம்பந்திகள்

என் சம்பந்தியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் இல்லாவிட்டால் அந்த மனிதருடைய கதையில் பாதி காணாமல் போய்விடும். அதுவும் நல்ல பாதி.

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, நானும் அதற்கு ஒத்துவரவில்லை. பழைய தையல் மிஷின் ஒன்றோடு பஸ் டிப்போ சுவரோரம் உட்கார்ந்தவளுக்கு இன்று சொந்தக் கடை இருக்கிறது. உள்ளே மிஷின்கள் ஓடுகின்றன, வாசலில் கார்கள் வரிசையில் நிற்கின்றன. ரெக்சினைத் தடவிப் பார்த்தே அது எவ்வளவு வெயில் தாங்கும் என்று சொல்வேன். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகனைப் படிக்க வைத்தேன். பேரத்தில் என்னை ஜெயித்த ஆள் இந்த ஊரில் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது அவர். என் மருமகளின் அப்பா. வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஆள் ஒல்லி, சட்டை மட்டும் கொஞ்சம் பெரிசு. காலமெல்லாம் அடுத்தவர் வாசலில் நின்றே பழகியவர். கேட்டைத் தட்டி "மீட்டர் பார்க்கணுங்க" என்பார். உள்ளே நாய் குரைக்கும். ஓர் அடி பின்னால் போய், வீட்டுக்காரர் வந்து நாயைப் பிடிக்கும்வரை நிற்பார். இரண்டு கெண்டைக்காலிலும் பல் பதிந்த தழும்பு உண்டு. ஆனால் கேட்டுக்கு வெளியே நின்று குத்துமதிப்பாக ஒரு நாளும் எழுதியதில்லை. கிட்டப் போய், கண்ணால் பார்த்து, பிறகுதான் பேனாவை எடுப்பார்.

அந்த ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். மற்ற எல்லாவற்றுக்கும் "உங்க இஷ்டம்." காப்பியா டீயா? உங்க இஷ்டம். ஃபேன் போடவா? உங்க இஷ்டம். கல்யாணப் பேச்சில் நான் கேட்ட அத்தனைக்கும் அதே பதிலைச் சொல்லி, பேரம் பேசுகிற சந்தோஷமே எனக்கு இல்லாமல் செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீட்டில் நாங்கள் இருவரும் சாப்பிடுவோம். சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து, வரைபடம் ஒன்றை விரித்து, சின்னவர்கள் விளையாட உட்காருவார்கள். சீட்டாட்டம் இல்லை, கேரமும் இல்லை. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதை சொல்லியே ஆடுகிற ஆட்டம். கதையை நடத்துகிறவள் என் மருமகள். "எதிரே பூட்டின கதவு, உள்ளே யாரோ இருமற சத்தம், என்ன செய்யப்போறீங்க?" என்பாள். செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் காரியம் பலிக்கும். சின்ன எண் விழுந்தால் மண். ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு தொழில் உண்டு. அந்தத் தொழிலில் லெவல் லெவலாக ஏற வேண்டும். என் மகன் வில்லாளி. அவன் நண்பன், பேக்கரி வைத்திருப்பவன், திருடன். நிஜத்தில் அவ்வளவு நாணயமானவன். பன்னில் எடை குறைந்ததே கிடையாது.

ஒரு நாள் அவர்களோடு ஆடிக்கொண்டிருந்த இன்னொருவன் வேலை மாறி வெளியூர் போனான். ஒரு நாற்காலி காலியானது.

"அது எனக்கு" என்றேன்.

"அம்மா, டாக்டர் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கார்" என்றான் மகன். பேக்கரிக்காரனின் சிநேகிதர், ஒரு பல் டாக்டர், இடம் கிடைக்காதா என்று வாராவாரம் வந்து சோபாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்குத்தான் கிளினிக்ல நாற்காலி இருக்கே. அதுவும் சாயற நாற்காலி. இது எனக்கு."

அப்போது என் சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். எல்லாரும் திரும்பினோம். "எனக்கும் கொஞ்சம் ஆசைதான்" என்றார். உடனே பயந்துபோய், "உங்க இஷ்டம்" என்று சேர்த்துக்கொண்டார்.

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தைக்குக் கொடுத்தா அப்பாவை ஒதுக்கிட்டேன்னு ஆகும். அப்பாவுக்குக் கொடுத்தா அத்தை இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டாங்க."

"ஏற மாட்டேன்" என்றேன்.

"அப்போ ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆள். பாதி வாள்வீரன், பாதி மந்திரவாதி. ஒரே ஆளுக்கு ரெண்டு தொழில் வெச்சுக்க விதி இருக்கு. வாள் அத்தைக்கு, மந்திரம் அப்பாவுக்கு. ஆனா கணக்குல ஒரே நாற்காலிதான். அந்த ஆள் செத்துட்டா நாற்காலி டாக்டருக்கு. அப்புறம் ரெண்டு பேரும் சண்டை போடக்கூடாது."

டாக்டர் தலையாட்டினார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் சம்பந்தி ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஆட்டம் எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. கடையில் நான் சொன்னால் சொன்னதுதான், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். சலிப்பாக இருக்கும். இங்கே கோட்டைகளும் குகைகளும் என்னோடு மல்லுக்கு நின்றன. அவருக்கோ அதைவிடப் பெரிய விஷயம். "அப்பா வாரம் முழுக்க வாயைத் திறந்து பேசறது இந்த மேஜையிலதான் அத்தை" என்று மருமகள் சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். ஆகவே அந்த நாற்காலியை விடக்கூடாது. தலைகீழாக நின்றாலும் விடக்கூடாது.

ஆனால் இரண்டு தொழில்காரன் பாடு லேசல்ல. மற்றவர்கள் ஏறுகிற ஒவ்வொரு லெவலும் ஒரே தொழிலில் சேரும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அதை வாளுக்குப் போடுவதா மந்திரத்துக்குப் போடுவதா என்று பங்கு பிரிக்க வேண்டும். மகனின் வில்லாளி ஒரே மூச்சில் இரண்டு அம்பு விடுவான். எங்கள் ஆளுக்கு வாளும் அரைகுறை, மந்திரமும் அரைகுறை. பேக்கரிக்காரன் அவனுக்கு ரெண்டுங்கெட்டான் என்று பெயர் வைத்தான். அதுவே நிலைத்துவிட்டது.

போதாததற்கு இன்னொரு விதி. இரும்புக் கவசம் போட்டிருந்தால் மந்திரம் வேலை செய்யாது.

"அப்போ மந்திரத்தை விட்டுடுங்க" என்றேன்.

"நான் எதுக்கு இருக்கேன் சம்பந்தியம்மா?"

"வழி கேட்க. வாசல்ல நின்னு கூப்பிட உங்களை மாதிரி யாருக்கு வரும்?"

சிரித்தார். கவசம் கழற்றப்படவில்லை. அவர் பெரும்பாலும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். புது மந்திரம் ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தபோது மட்டும் பட்டியலை மூக்கருகே வைத்து ரொம்ப நேரம் படித்து, ஒன்றின் மேல் விரலை வைத்தார். கையால் தொட்டால் எதிரியைத் தூங்க வைக்கும் மந்திரம்.

"சார், அதை யாருமே எடுக்க மாட்டாங்க" என்றான் பேக்கரிக்காரன். "மந்திரவாதி தூர நின்னு நெருப்பு விடணும். தொடற தூரத்துக்குப் போனா அங்கேயே சமாதி."

"எத்தனை கேட்டு, எத்தனை நாய்" என்றார் அவர். "அப்போ இது என் கையில இருந்திருந்தா... இருக்கட்டும் தம்பி, இதுவே இருக்கட்டும்."

பல் டாக்டர் சோபாவில் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. என் சம்பந்தியை நான் கிண்டல் செய்யலாம். இவர் யார்?

அடுத்த லெவல் வந்தபோது சம்பந்தி ஆசையாகக் கேட்டார். "இது மந்திரத்துக்குப் போடலாமா?" முடியவே முடியாது என்றேன். வாளுக்குப் போட்டால் ஆளுக்கு உயிர் கூடும், அடி தாங்குவான், நாற்காலி நிலைக்கும். நான் ரெக்சின் வியாபாரியிடம் பேசுகிற குரலில் பேசினேன். கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சம்பந்தி, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. கோட்டை வாசலில் காவல் நிற்கும் ராட்சசன். மாதக்கணக்காக நாங்கள் நடந்து வந்ததெல்லாம் அந்த வாசலுக்காகத்தான். மகனின் வில்லாளி முதல் அடியிலேயே மயங்கி விழுந்தான். பேக்கரிக்காரனின் திருடன் ராட்சசன் முஷ்டிக்குள் சிக்கி நசுங்கிக்கொண்டிருந்தான். மிச்சம் நின்றது ரெண்டுங்கெட்டான் ஒருவன்தான். நான் வாளை வீசினேன். மறுபடி வீசினேன். பகடை நன்றாகத்தான் விழுந்தது, ஆனால் அவன் தோல் அப்படி.

"கவசத்தைக் கழட்டுங்க சம்பந்தியம்மா."

வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். "என்னது?"

"கழட்டுங்க. கிட்டத்தான நிக்கறோம்? கையால தொடணும்."

"கழட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு அடி விழும். அத்தோட நாம போயாச்சு. டாக்டர் வந்து உட்கார்ந்துடுவார்."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார் டாக்டர், சோபாவின் நுனிக்கு நகர்ந்தபடி.

"இன்னொரு தடவை வாளை வீசிப் பார்ப்போம் சம்பந்தி."

"வீசி என்ன ஆச்சு? அவனுக்கு முதுகு சொறிஞ்சு விட்ட மாதிரி இருக்கு."

பேக்கரிக்காரன் சிரித்துவிட்டான். ராட்சசன் கைக்குள் இருக்கிறவன் சிரிக்கிறான்!

"எப்பவும் போல உங்க இஷ்டம்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"மாட்டேன்" என்றார். ஸ்டூலை மேஜைக்கு இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "தூர நிக்கற மந்திரவாதியால இவன் பக்கத்துல வர முடியாது. பக்கத்துல நிக்கற வீரனுக்கு மந்திரம் தெரியாது. நமக்கு ரெண்டும் இருக்கு. நம்மால மட்டும்தான் முடியும். கழட்டுங்க."

எந்த வியாபாரியும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் கழற்றினேன்.

மருமகள் பகடையை எடுத்தாள். "அப்பாங்கறதுக்காக விட்டுக்கொடுத்தேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது" என்று சொல்லி எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி மேஜை நடுவில் உருட்டினாள். அடி விழுந்தது. சாதாரண அடி இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளில் எங்கள் ஆளின் உயிர் எண்ணைக் கழிக்க ஆரம்பித்தாள். கழித்துக்கொண்டே இருந்தாள். நான் மகன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் நிக்கறான்" என்றாள். "கடைசியா வாளுக்குப் போட்ட லெவல்ல கூடின உயிர்தான் மிச்சம்."

"அது யார் சண்டை போட்டு வாங்கின லெவல்?" என்று கத்தினேன்.

"நீங்க வாங்கினதுதான், யாரு இல்லைன்னா? இப்போ தொடுங்க!" என்று அவரும் கத்தினார்.

தொடுவதற்கு என் பகடை. உருட்டினேன். கை ராட்சசன் முழங்காலில் பட்டது. தூங்க வைப்பதற்கு அவர் பகடை. அவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் குலுக்கி வீசிய வீச்சில் அது மேஜையைத் தாண்டி, தரையில் குதித்து, உருண்டு போய் டாக்டரின் காலருகே நின்றது.

"யாரும் தொடாதீங்க" என்றாள் மருமகள். "கீழே விழுந்தாலும் விழுந்த எண்தான் எண். டாக்டர், நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

டாக்டர் குனிந்தார். நாற்காலிக்காக அத்தனை ஞாயிறும் காத்திருந்த மனுஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். என் சம்பந்தி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"பத்தொன்பது" என்றார் டாக்டர்.

ராட்சசன் கொட்டாவி விட்டான் என்று மருமகள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பேக்கரிக்காரன் நாற்காலி மேல் ஏறி நின்றான். மகன் மாமனாரை அப்படியே தூக்கிவிட்டான். ஒல்லி மனுஷன், சட்டைப் பையிலிருந்து பேனா நழுவி விழுந்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். அவரிடமும் நடந்ததைச் சொன்னோம். அவரும் கடைசியில் "அப்போ கோட்டைக் கதவு திறந்துடுச்சா?" என்று கேட்டார். திறந்துவிட்டது.

டாக்டருக்கும் கை கொடுத்தேன். வேறு எண்ணைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவருக்கும் ஆட்டத்தில் இடம் கிடைக்க என் சம்பந்திதான் ஒரு வழி சொன்னார். "டாக்டர், திருடனுக்கும் ரெண்டாவது தொழில் ஒண்ணு வெச்சுக்கலாமே. பேக்கரித் தம்பியோட பாதி பாதி." பேக்கரிக்காரன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் மறுக்க அவனுக்கு வாய் இல்லை. முஷ்டிக்குள்ளிருந்து மீட்டது யார்?

மறுநாள் காலை கடைக்கு ஒருவர் புதுக் காரோடு வந்தார். சீட்டை அளக்க வேண்டும் என்றார். டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ராட்சசன் கதை முழுவதையும் சொன்னேன். ஃபோம் வெட்டுகிற பெண்கள் கத்திரியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

"சரிங்கம்மா, ஜெயிச்சதுக்கு லெவல் வந்திருக்குமே" என்றார். "அது வாளுக்கா, மந்திரத்துக்கா?"

"மந்திரத்துக்கு."

"விட்டுக்கொடுத்துட்டீங்களா?"

"நானா? ஒரு மணி நேரம் பேசினேன். அந்த மனுஷன் ஸ்டூலை விட்டு அசையலை. மேஜையைத் தட்டித் தட்டிப் பேசி வாங்கிட்டார்" என்றேன். "என் சம்பந்திங்க அவர்! லேசுப்பட்ட ஆளா?" என்று சொல்லிக்கொண்டே கார்க் கதவைத் திறந்து அளக்க ஆரம்பித்தேன்.