வெறும் தண்ணீர்க் குப்பி

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். ஊசிக்காரி என்றால்தான் தெருவுக்குத் தெரியும். அந்த மாதம் அவளை வீடு வீடாக அனுப்பிவிட்டார்கள். நன்றாக நடமாடுகிற ஜனங்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். சீட்டுக் குலுக்கி எடுத்த நாற்பது வீடுகள், நாலு நாள். மாடிப்படி ஏறி இறங்கி முட்டி கழன்றுவிட்டது.

"நல்லாத்தானே இருக்கேன், எங்கிட்ட எதுக்கு ரத்தம்?" என்றார் ஒரு மாடி வீட்டுத் தையல்காரர்.

"நல்லா இருக்கிறவங்க ரத்தம்தான் வேணும்ணே. கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க."

"கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்ளோ கழுவல!"

தூசியில் ஈயம் இருந்தால் அளவு பொய்யாகிவிடும். அதனால் தினமும் பையில் ஒரு வெறும் தண்ணீர்க் குப்பியும் போகும். ரத்தம் எடுக்கிற இடத்தில் அதையும் திறந்து மூடுவாள். ரத்தத்தோடு அதையும் சோதிப்பார்கள்; அதில் ஈயம் வரக்கூடாது.

வந்துவிட்டது.

"அக்கா, நாலு நாளும் தண்ணியில ஈயம். நாப்பது வீட்டையும் மறுபடி எடுக்கணும்" என்றார் மேற்பார்வையாளர் போனில்.

"அந்தந்த வீட்டுத் தூசியா இருக்கும் சார்."

"வீடு மாறிச்சு. பை மாறலையே."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். எதிரே சுவரில் ஒரே ஆணி. இரவில் அதில் அவள் பை, அதன்மேல் கணவனின் வேலைச் சட்டை. அவனுக்குப் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கிற கொட்டகையில் வேலை. அவன் வந்ததும் சட்டையோடு கட்டிக்கொள்கிறவள் இரண்டாம் வகுப்பு மகள். ஈயம் ஏறினால் பிள்ளைகளுக்குப் புத்தி மந்தமாகும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அவளைத் தலையில் குட்டிக்கொண்டிருந்தவள் இவள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்று நுழைந்தான் கணவன்.

"சட்டையை வாசல்லயே கழட்டுங்க."

"ஏன், மகாராணிக்கு வாடை ஆகாதா?"

சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி வாசலுக்கு வெளியே போட்டான். பிறகு, "நம்ம வீடு லிஸ்ட்லயே இல்லையே" என்றான்.

"இல்லதான்."

மறுநாள் மேற்பார்வையாளரிடம் கேட்டு, கூடுதலாக ஒரு குப்பி வாங்கினாள்.

"வலிக்குமாம்மா?" என்றாள் மகள்.

"வலிக்கும். கையை ஆட்டாதே."

முடிவு வந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த எந்தக் குழந்தைக்கும் அவ்வளவு வந்ததில்லை. ஈயம் வீட்டுக்குள் வருவதை முதலில் நிறுத்துங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். கணவன் கொட்டகையிலேயே குளித்து, வேறு துணி மாற்றி வர ஆரம்பித்தான். அவள் ஈரத்துணியால் சுவரையும் தரையையும் துடைத்தாள், மறுநாளும் துடைத்தாள். குட்டுவதை விட்டாள்.

திங்கட்கிழமை புதுப் பையோடு மாடி ஏறினாள்.

"மறுபடியுமா?" என்றார் தையல்காரர்.

"மறுபடியும்தான். தப்பு எங்க வீட்டுலண்ணே. கையைக் கழுவிட்டு வாங்க."