தரையில் படுக்காத எருமை

கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி நுழைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கை பின்மண்டையைத் தாங்கியிருக்கிறது. மறு கை துண்டின் முனையைத் தேடி மெல்ல இழுக்கிறது. படுத்திருப்பவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். இப்போது இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. உடம்பு எப்படி இருக்கிறது என்று அவரிடம் அவள் கேட்பதில்லை. "காதை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க. அதையும் சேர்த்து வெட்டிட்டேன்னா திரும்ப ஒட்ட எங்கிட்ட சரக்கு இல்ல" என்பாள். லாரிக்காரர் வாயின் ஒரு பாதியால் சிரிப்பார். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு வீடு தேடிப் போய் முடி வெட்டுவது அவள் தொழில். ஆண், பெண், குழந்தை என்ற பேதம் இல்லை. எல்லோருக்கும் அவள் 'கத்தரி'தான். வயதைக் கேட்டால் ஐம்பத்திரண்டு என்பாள். சில வருஷங்களாகவே அதைத்தான் சொல்கிறாள். ஆள் குள்ளம். தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இருப்பதுபோல் அகலம். நாள் முழுக்கக் கைகளை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தே வேலை பார்க்கிறவர்களுக்குத் தோள் முதலில் அகலமாகும், பிறகு தேயும்.

அவள் வேலையில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். படுத்திருப்பவர்களுக்கு இருமல் சொல்லிக்கொண்டு வராது. திடீரென்று தலை துள்ளும். துள்ளிய அதே கணத்தில் அவள் விரல்கள் விரிந்துவிடும். கத்தரி நழுவிப் போர்வை மேலே விழும், சில சமயம் தரையில் விழும். நல்ல கத்தரி தரையில் விழுந்தால் முனை போய்விடும். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "விழுந்தது கத்தரிதானே, காது இல்லையே" என்று சொல்லிக்கொண்டே பெட்டியிலிருந்து வேறொன்றை எடுப்பாள். நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், வீட்டோடு இருந்து நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இதைப் பார்ப்பதற்காகவே அவர்களை அவள் வேலை செய்யும் வீடுகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கத்தரியை இப்படி விடத் தெரிந்தவளுக்கு மோட்டார் சைக்கிளை விடத் தெரியவில்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

அது கறுப்பு நிறம், பழையது, கனமானது. எரிவாயு உருளைகளை வீடு வீடாகப் போடும் ஒருவரிடமிருந்து வாங்கியது. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'எருமை'. கிளப்பியதும் இருமும், பிறகு உறுமும், மேட்டில் ஏறும்போது மட்டும் ஒழுங்காகப் பேசும். பின்னால் முடிவெட்டும் பெட்டியும் அதன்மேல் சுருட்டிய ரப்பர் விரிப்பும் கட்டியிருக்கும். சத்தம் கேட்டாலே படுக்கையில் இருப்பவர்கள் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்கள். அத்தனை வருஷத்தில் எருமை ஒரு தடவைகூடக் கீழே விழுந்ததில்லை என்பது அவள் பெருமை. "ஊர்ல இருக்கிற எருமை எல்லாம் படுக்கும். என் எருமை தரையில படுத்ததே இல்ல" என்று புதிதாகப் பார்க்கிறவர்களிடமும் சொல்லிவிடுவாள்.

போன மழையில் ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இடப்பக்கம் நின்று பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடியில் மண் இளகி, வண்டி மறுபக்கமாகச் சாய்ந்தது. இவள் வலக்கையை நீட்டிக் கைப்பிடியைப் பற்றி, அவ்வளவு பெரிய இரும்பை ஒற்றைக் கையால் இழுத்து நிறுத்திவிட்டாள். வண்டியில் ஒரு கீறல் இல்லை. தோளுக்குள் ஏற்கெனவே தேய்ந்திருந்த தசைநார் கிழிந்துபோயிற்று. அந்தத் தோளோடு உள்ளே போய் இடக்கையால் முக்கால் தலையை வெட்டியிருக்கிறாள். மீதிக் கால் தலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். "மயக்கம் வந்துருச்சு சிஸ்டரம்மா. அங்க இருந்த ஒரே படுக்கையில ஏற்கெனவே ஒரு ஆள் இருந்தாரு, நான் எங்க படுக்க?" என்றாள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்ததுதான் நன்றாக நடக்கவில்லை. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போவார், இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏற மாட்டார். பழகிக்கொள்வதற்காக அவர் தலையில் இடக்கையால் வெட்டிப் பார்த்தாள். கரையான் அரித்த மாதிரி இருந்தது. மனிதர் ஒரு வாரம் தொப்பியோடு பேருந்து ஓட்டினார். "டிப்போவுல எல்லாரும் எனக்கு என்ன வியாதின்னு கேட்கறாங்க" என்று என்னிடம் முறையிட்டார். "பொண்டாட்டின்னு சொல்லுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

தோளுக்கான பயிற்சி தொடங்கியதும் நான் வாரத்தில் சில நாள் போய்ப் பார்த்தேன். சுவரில் விரல்களை எறும்புபோல் ஊரவிட்டு மேலே கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு தடவையும் எட்டிய உயரத்தில் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தாள். கோடுகள் சந்தேகம் வரும் வேகத்தில் ஏறியிருந்தன. எங்கே, என் முன்னால் செய் என்றேன். கையோடு சேர்ந்து தோளும் காதுவரை ஏறியது. இடுப்பும் ஒரு பக்கம் ஒடிந்தது. தோளின் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல்கள் நெஞ்சுயரத்திலேயே நின்றுவிட்டன. பிறகு எச்சிலைத் தொட்டு மேலே இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, நெஞ்சுயரத்தில் ஒரு கோடு போட்டாள். அன்றிலிருந்து அவள் ஏமாற்றவில்லை. வலியைப் பற்றிப் பேசவும் இல்லை. நன்றாகத் தேறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

கத்தரி பிடிக்கும் அளவுக்குக் கை சீக்கிரமே வந்துவிட்டது. சமவெளித் தெருக்களுக்குப் பேருந்தில் போய்வந்தாள். மேட்டுத் தெருவுக்குத்தான் பேருந்து கிடையாது. வாடகை வண்டிகளும் பாதியில் இறக்கிவிடும். அங்கே ஒரு தையல்காரம்மா படுத்திருக்கிறார். முதுகெலும்பில் அடிபட்டவர், தலை மட்டும்தான் அசையும். அந்தத் தலையை வேறு எவரையும் தொட விடமாட்டேன் என்று பிடிவாதம். நானே ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு மண்டையைத் திருப்பிக்கொண்டார். முடி வளர்ந்து, வேர்த்து, பின்மண்டையில் பாய்போல் சிக்குப் பிடித்திருந்தது. அதற்கடியில் தோல் சிவந்து பொரியத் தொடங்கியது. அந்த இடத்தில் புண் வைத்தால் லேசில் ஆறாது. இதைக் கத்தரியிடம் மறைக்காமல் சொன்னேன். நேரே போய் எருமையின் மேல் மூடியிருந்த படுதாவை உருவினாள்.

எலும்பு டாக்டர் கையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்றார். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டபடி சொன்னதுதான் முக்கியம். "ஓட்டுறதுல பயம் இல்லம்மா. வண்டி சாஞ்சா விட்டுடணும். பிடிச்சீங்கன்னா மறுபடி கிழியும். இன்னொரு தடவை தைக்க உள்ள துணி இல்ல."

திரும்பி வரும் வழியெல்லாம், விட்டுவிட மாட்டேனா என்ன என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் நம்பவில்லை. அவள் மகள் பக்கத்து ஊரிலிருந்து தொலைபேசியில் சின்ன ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்றாள். அது மேட்டுத் தெருவில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கும், பிறகு இறங்கித் தள்ள வேண்டும், தள்ளினால் தோளுக்கு யார் பதில் சொல்வது என்று இவள் கேட்டாள். அந்த நியாயம் சரி. ஆனால் சாய்கிற எருமையை விடுவாளா என்பது நியாயம் பேசித் தீர்கிற விஷயம் இல்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் பின்முற்றத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். பயிற்சி வகுப்பில் கிழிந்து ஒதுக்கிய மெத்தைகள் என்னிடம் இருந்தன. அவற்றை வலப்பக்கம் இரண்டடுக்காகப் போட்டேன். கணவர் பின்னால் நின்று பெட்டி கட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டார், வேகமாக விழாமல் இருப்பதற்கு. இவள் இடப்பக்கம் நின்று வண்டியை மெத்தைமேல் சாய்த்து, கையை விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சாய்த்தாள். கை விடவில்லை. கைப்பிடியில் விரல்முட்டிகள் வெளுத்துப்போயின. கணவர் கம்பியை இழுத்து நிறுத்தினார். மறுபடி சாய்த்தாள். இடக்கை விட்டது, வலக்கை விடவில்லை. நான் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன்.

எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது: நோயாளி நிலைதடுமாறி விழும்போது தூக்கிப் பிடிக்காதே, உன் முதுகு போகும், அவரும் விழுவார், உன் காலோடு சறுக்கித் தரையில் இறக்கிவிடு. அதை அவளுக்கு விளக்கினேன். அவள் என்னை முறைத்தாள். "நோயாளியைக் கீழ இறக்கலாம் சிஸ்டரம்மா. இது நோயாளி இல்ல."

"நீதாம்மா நோயாளி" என்றேன்.

கணவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்ததில் பிடி தளர்ந்து வண்டி லேசாக ஆட, இவள் கை தானாகப் போய் அதைப் பற்றிக்கொண்டது. மூவருமே அதைப் பார்த்தோம். அவள் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை எங்களுக்காகச் செய்துகொண்டிருந்தாள். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து வலக்கையை மடியில் வைத்து, விரல்களை மூடி மூடித் திறந்தாள்.

"தலை துள்ளினா இது தானா விரியுது. எனக்குத் தெரியாமலே விரியுது. இதுக்கு மட்டும் ஏன் மூடுது?" என்று கேட்டாள். எங்களைக் கேட்கவில்லை, கையைக் கேட்டாள். பிறகு எழுந்து, "இந்தாங்க, இருமுங்க" என்றாள் கணவரிடம்.

"என்னது?"

"லாரிக்காரரு மாதிரி இருமுங்க. நல்லா."

மனிதர் கம்பியைப் பிடித்தபடி இருமினார். வண்டி சாய்ந்தது. இவள் விரல்கள் பூப்போல் விரிந்தன. எருமை மெத்தையில் போய் விழுந்தது. சக்கரம் கொஞ்சம் சுற்றி நின்றது. கணவர், பெற்ற பிள்ளை விழுந்ததுபோல், ஐயோ அம்மா என்றார். இவள் மட்டும் இரண்டு கையையும் அந்தரத்தில் வைத்துக்கொண்டு, "விழுந்தது எருமைதானே" என்றாள். அதன்பின் இருட்டும்வரை நானும் அவரும் மாறி மாறி இருமினோம். கடைசிச் சில தடவைகளுக்கு இருமல் தேவைப்படவில்லை.

மெத்தை வேறு, தெரு வேறு என்று வாசலில் சொல்லியனுப்பினேன். அப்படியானால் நாளைக்குப் பின்னால் உட்கார்ந்து வாருங்கள் என்றாள். நான் கட்டில், நாற்காலி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றிலும் நோயாளிகளோடு போயிருக்கிறேன். மோட்டார் சைக்கிளில் போனதில்லை. சரி என்றேன்.

மறுநாள் காலை தலைக்கவசத்தோடு வாசலில் நின்று ஒலிப்பானை அடித்தாள். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினேன். ஓட்டுவதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தோள் காதுக்கு ஏறவில்லை. வளைவுகளில் முழங்கை தளர்வாக இருந்தது. மேட்டுத் தெருவின் செங்குத்தில் எருமை தெளிவாகப் பேசிக்கொண்டு ஏறியது. ஒரு வீட்டு ஜன்னலில் யாரோ கை காட்டினார்கள். இவள் கை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

தையல்காரம்மா வீட்டு வாசல் சரளைக்கல் போட்ட சரிவு. நான் இறங்கினேன். அவளும் இறங்கி, சாவியைத் திருப்பி அணைத்து, ஸ்டாண்டைத் தட்டி வண்டியை நிறுத்திவிட்டுப் பெட்டியை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். சக்கரத்துக்கு அடியில் கல் உருண்டது. வண்டி மறுபக்கம், பள்ளத்தை நோக்கிச் சாய ஆரம்பித்தது. பெரிய வண்டி விழும்போது முதலில் மிகவும் மெதுவாகத்தான் விழும். பிடித்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். என் கையே முன்னால் நீண்டது. அவளுடைய வலக்கை காற்றில் பாதிவரை போய், அங்கேயே விரிந்து நின்றது.

எருமை சரளையில் படுத்தது. கண்ணாடி உடைந்து சிதறியது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் பெட்ரோல் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்தாள், ஒழுகவில்லை. தூக்க வேண்டுமா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "வேலை முடிச்சிட்டு வரேண்ணே. அப்ப நாலு பேரா வாங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

அறையில் தையல்காரம்மா கண்ணை விரித்துக்கொண்டு படுத்திருந்தார். "வெளியே என்னடி சத்தம்?"

"எருமை படுத்திருக்கு, அக்கா. நீங்க காதை எங்க வச்சிருக்கீங்க, காட்டுங்க" என்றாள்.

பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தாள். ஜன்னல் வழியாக வண்டியின் ஒரு சக்கரம் தெரிந்தது. அந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை. இடக்கையால் சிக்குப் பிடித்த அந்தப் பின்மண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கடியில் நுழைத்தாள்.